பழுப்பு ஸ்வெட்டர் ஆசாமி

சங்கு ஊதியது.

மாப்பிள்ளையின் அம்மா வேலம்மாள் வலது காலை வாசற்படிக்கு உள்ளே வைத்துவிட்டு, இடது காலை இன்னும் எடுக்காமல் இருந்த நேரம். சொம்பில் தண்ணீரோடு எதிரே நின்றிருந்த அர்த்தநாரி அப்படியே நின்றுவிட்டார்.

அபாயச் சங்கு ஒரு தடவை ஊதி அடங்கியது. வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று நினைத்தார். இரண்டாம் தடவையும் ஊதியது. இல்லை, எங்கோ தீப்பிடித்திருக்கிறது. மூன்றாம் தடவையும் எழும்பி, இழுத்து, முனகி அடங்கியது.

"ஆளைக் காணோம்!" என்று கத்தினார் அர்த்தநாரி.

வேலம்மாள் திடுக்கிட்டுத் திரும்பித் தன் மகன் இருக்கிறானா என்று பார்த்தாள். இருந்தான். மாப்பிள்ளை செல்வராஜ் ஆத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். பேன்ட்டின் மடிப்புக் கலையக் கூடாது என்று சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றுகொண்டே கடந்து வந்தவன். அவனுடைய அப்பா மாரியப்பன் அந்த இருபதில் பதினேழு வளைவுகளை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி கடந்தவர். இன்னும் முகத்தில் ரத்தம் ஊறவில்லை.

"ஏனுங்க!" காமாட்சி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "இன்னைக்கு மட்டும் போகாதீங்க, சொல்லிப்போட்டேன். பொண்ணுப் பார்க்க வந்திருக்கறாங்க. பெத்தவரு நீங்க எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?"

"காமாட்சி, அங்க ஒரு உசுரு..."

"உசுரு இருந்தா இருந்துட்டுப் போவுது. நீங்க போகவே கூடாதுங்க!"

இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் மனைவி 'கூடாது' என்று சொன்ன எந்தக் காரியத்தையும் அர்த்தநாரி செய்யாமல் விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சொம்பை மாப்பிள்ளையின் கையில் திணித்தார். ஆணியில் தொங்கிய காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டரை மாட்டினார். அதன்மேல் குறுக்காக ஆரஞ்சுப் பட்டையைப் போட்டார். கயிறு, டார்ச், விசில் எல்லாம் கதவுக்குப் பின்னாலேயே இருந்தன. வீட்டில் வேறு எந்தச் சாமானும் இருந்த இடத்தில் இருந்ததில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. கடமைங்க!"

மாரியப்பன் தலையை ஆட்டினார். அது சம்மதமா, வயிற்றுப் புரட்டலா என்று பார்க்க அர்த்தநாரிக்கு நேரமில்லை.

*

சேர்வராயன் ஆபத்து உதவித் தொண்டர் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அர்த்தநாரியிடம் கேட்டால் இரண்டு மணி நேரம் சொல்லுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் பன்னிரண்டாவது வளைவில் ஜீப் ஒன்று உருண்டது. பஜாரிலிருந்து ஓடிப்போய் முதலில் பள்ளத்தில் இறங்கியவர் அர்த்தநாரி. கால் முறிந்த ஒரு அம்மாளை முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்து சேர்த்தார். உண்மையிலேயே நல்ல காரியம். அந்த அம்மாள் இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் கடிதம் போடுகிறாள். அதை அவர் மறக்கவில்லை. ஏற்காட்டில் வேறு யாரையும் மறக்க விடவுமில்லை.

அந்த வாரமே குழு தொடங்கினார். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பழைய காப்பிக் களம் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த கைச்சங்கைக் கேட்டு வாங்கி, அந்தக் களத்துக் கொட்டகையிலேயே ஒரு மேடைமேல் ஏற்றினார். கைப்பிடியைச் சுற்றினால் லேடீஸ் சீட் மலைமுனை வரைக்கும் கேட்கும். ஒன்று ஊதினால் வண்டி, இரண்டு ஊதினால் தீ, மூன்று ஊதினால் ஆளைக் காணோம். மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பாதை தெரியாமல் திசை மாறிப் போகிற டூரிஸ்டுகளுக்காக அந்த மூன்றாவது ஏற்பாடு. யாருக்குத் தகவல் தெரிந்தாலும் களத்துக் காவல்காரன் மாதையனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். அவன் ஊத வேண்டும். மாதையனின் மனைவி மாதம்மாள் அர்த்தநாரி வீட்டில்தான் பாத்திரம் கழுவுகிறாள். குழுவின் குடும்ப உணர்வுக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஞாயிறுதோறும் கூட்டம் நடத்தி அர்த்தநாரி பேசினார். இருபத்திரண்டு பேர் பதினைந்தாகி, பதினைந்து ஏழாகி, இப்போது இரண்டில் நிற்கிறது. ஒருவர் செயலாளர் அர்த்தநாரி. இன்னொருவன் ஜீப் டிரைவர் பாக்கியநாதன். அவன் கூட்டத்துக்கு வருவதில்லை, ஆனால் ஜீப் அவனுடையது.

"நேரமில்லை" என்றுதான் விலகிப் போன எல்லாரும் சொன்னார்கள். அர்த்தநாரிக்குச் சிரிப்பு வரும். நேரமில்லையாம்! வகுக்கத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி. வேலைக்கு எட்டு, குடும்பத்துக்கு எட்டு, தொண்டுக்கு எட்டு. தூக்கத்தை எதில் சேர்ப்பது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுக் குடும்பத்தில் சேர்த்தார். இந்த அட்டவணையை அச்சடித்துத் தாம் மேனேஜராக இருக்கும் சீதளா லாட்ஜின் முகப்பில் மாட்டியிருந்தார். தேனிலவுக்கு வந்த புதுத் தம்பதிகளுக்குச் சாவியோடு சேர்த்து ஆளுக்கொரு பிரதி கொடுப்பார். பத்து நிமிஷம் விளக்கமும் சொல்லுவார். அவர் தொண்டுக்குப் போன நேரங்களில் வரவேற்பு மேஜையை லாட்ஜில் கணக்கு எழுதும் சாந்தாமேரி பார்த்துக்கொள்வாள். அந்த நாட்களில் அறைகள் அதிகமாக நிரம்புவதை அர்த்தநாரியே கவனித்திருக்கிறார். நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்பதற்கு அதைத்தான் உதாரணமாகச் சொல்லுவார்.

வீட்டில்தான் ஒரு குறை. மல்லிகாவுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது.

குறை பெண்ணிடம் இல்லை. முதலில் ஓமலூரிலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் கேசரியை வாயில் வைக்கும்போது, பொழுது போக வேண்டுமே என்று அர்த்தநாரி விபத்துப் புகைப்பட ஆல்பத்தைக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் எந்த எலும்பு எங்கே முறிந்தது என்று விவரமாகச் சொன்னார். அவர்கள் பஜ்ஜி வரைக்கும் இருக்கவில்லை. அடுத்தது ராசிபுரம். மாப்பிள்ளையின் அப்பா கேசரிக்குக் கை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே பிடித்து, முழங்கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்து எப்படிக் கட்டுவது என்று அர்த்தநாரி செய்து காட்டினார். முடிச்சு இறுகிவிட்டது. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்தப் பெரிய மனிதர் இடது கையால் காப்பி குடித்துவிட்டு, கட்டோடேயே பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு இடத்திலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார்.

இது மூன்றாவது இடம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் மலையேற மாட்டேன் என்று தரகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதோடு இந்தத் தடவை மல்லிகாவே வாயைத் திறந்திருந்தாள். சித்தி மகள் கல்யாணத்தில் செல்வராஜை அவள் பார்த்திருக்கிறாள். நாலு வார்த்தை பேசியும் இருக்கிறாள்.

"அப்பா, இந்த இடம் எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. இந்த ஒரு தடவ மட்டும் நீங்க..."

"நானு? என்ன கண்ணு செய்யோணும், சொல்லு."

"ஒண்ணுமில்லீங்கப்பா."

சொல்லாவிட்டால் என்ன, பெற்றவருக்குத் தெரியாதா? அவர் தயாராகத்தான் இருந்தார். ஆல்பத்தை மூன்று நாளாகக் காணவில்லை என்பதால், 'இல்லறமும் பொதுத்தொண்டும்' என்று முக்கால் மணி நேரப் பேச்சு ஒன்றை எழுதி வைத்திருந்தார். கடைசியில் மாப்பிள்ளை எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சங்கு ஊதித் தொலைத்தது.

*

களத்துக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மாதையன் சங்கின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரு மாதையா? பொம்பளையா, கொழந்தையா?"

"ஆம்பளைங்க. அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்குமுங்க. கண்ணாடி போட்டிருப்பாருங்க. பழுப்பு சொட்டரு."

"மறுபடியும் அவனா!"

அர்த்தநாரி குழுவின் பதிவேட்டைப் புரட்டினார். பழுப்பு ஸ்வெட்டர் ஆசாமி இந்த நாலு வருஷத்தில் பதிமூன்று தடவை காணாமல் போயிருக்கிறான். இது பதினாலு. இதுவரை ஒரு தடவைகூட அகப்பட்டதில்லை. விசித்திரம் என்னவென்றால் அவன் நாள் பார்த்துத்தான் தொலைகிறான். போன தீபாவளி அன்று காலையில் தொலைந்தான். காமாட்சியின் அண்ணன் குடும்பம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கிய மூன்று நாளும் தினம் ஒரு தடவை தொலைந்தான். கொழுந்தியாள் பேத்திக்குக் காது குத்தும்போது தொலைந்தான். பண்டிகையும் விசேஷமும் வந்தால் மனசு உடைந்து போகிற தனிக்கட்டை என்பது அர்த்தநாரியின் கணிப்பு. சொந்த பந்தம் யாருக்கும் அவன் வேண்டியிருக்கவில்லை போலும். நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கும்.

"எந்தப் பக்கம் போனானாம்?"

"பகோடா பாயின்ட் பக்கமுங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நல்லாத் தேடச் சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

மாதையன் கைப்பிடியை இன்னும் அழுத்தித் துடைத்தான். "தகவல் குடுத்தவங்கதானுங்க."

பாக்கியநாதன் ஜீப்போடு தயாராக இருந்தான். பின் சீட்டில் தூக்குப்போசி ஒன்று இருந்தது. திறந்தால் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும்.

"ஏதுடா இது?"

"அம்மிணி குடுத்தாங்கன்னு மாதம்மாக்கா கொண்டாந்து வெச்சுட்டுப் போச்சுங்க."

அர்த்தநாரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. போகாதே என்று வாயால் தடுத்தாலும் சோற்றைக் கட்டி அனுப்பிவிடுகிறாளே! சங்கு ஊதி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் புளி கரைத்து, காய்ச்சி, சோற்றில் பிசைந்து, வறுவலும் வறுத்து... என்ன வேகம், என்ன வேகம்!

*

பகோடா பாயின்டில் மூடுபனி இறங்கியிருந்தது. கார்த்திகை மாதத்துப் பனி. இரண்டு கை தூரத்துக்கு அப்பால் மரமும் மனிதனும் ஒன்றுபோலத் தெரிந்தன. அர்த்தநாரி விசிலை ஊதி, "ஐயா! சொட்டர்க்காரரே! பயப்படாதீங்க, நாங்க இருக்கறோம்!" என்று கத்தினார். பள்ளத்திலிருந்து அவர் குரலே திரும்பி வந்து பயப்படாதீங்க என்றது.

மிளகாய் பஜ்ஜிக் கடை குப்பாயி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க லாட்ஜுக்காரரே, இன்னைக்கு உங்க ஊட்ல விசேஷம்னாங்களே? இங்க வந்து நிக்கறீங்க?"

"ஒரு ஆளைக் காணோம் குப்பாயி. இந்தப் பக்கம் பார்த்தியா? அம்பத்தஞ்சு வயசு."

"செரி."

"கண்ணாடி போட்டிருப்பாரு. பழுப்பு சொட்டரு."

குப்பாயி விசிறுவதை நிறுத்தினாள். அவரைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்தாள். "மீசை நரைச்சிருக்குமுங்களா?"

"இருக்கும். உனக்கெப்படித் தெரியும்?"

"வந்து நின்னா நொம்ப நேரம் பேசுவாருங்களா?"

"பார்த்திருக்கறயா!" அர்த்தநாரி பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "எப்பப் பார்த்தே? எங்க?"

"இப்பத்தானுங்க. இங்கதானுங்க" என்றாள் குப்பாயி.

பாக்கியநாதனுக்குப் புரையேறிவிட்டது. அவன் இருமி முடிப்பதற்குள் அர்த்தநாரி கடைக்குப் பின்னால் ஓடி, பஜ்ஜிக்கு வைத்திருந்த விறகுக் கட்டுகளை எல்லாம் விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அவரு சொட்டரு பழுப்புடா பாக்கியநாதா. இது காப்பிக்கொட்டை கலரு. காமாட்சி அவ கையால பின்னுனது. இந்தக் குப்பாயி எதையோ பார்த்துட்டு எதையோ சொல்றா. சாட்சி சொல்றவங்க இப்படித்தான் குழப்புவாங்க."

"ஆமாங்க" என்றான் பாக்கியநாதன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

புளிசாதம் சாப்பிட்டார்கள். அப்போதுதான் அர்த்தநாரிக்கு வீட்டு நினைவு வந்தது. இந்நேரம் மல்லிகா காப்பித் தட்டோடு வந்திருப்பாள். குனிந்த தலை நிமிராமல் நின்றிருப்பாள். ஓமலூர்க்காரர்கள் எழுந்து போன அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ராசிபுரத்துக்காரர்கள் போன பிறகு, பூவை அவிழ்த்துக் கடிகாரத்துக்கு மேல் வைத்துவிட்டுப் பேசாமல் பாத்திரம் கழுவினாள். இன்றைக்கும் அப்படி ஆகிவிட்டால்? பெண்ணின் தகப்பன் எங்கே என்று கேட்டு அவர்கள் கிளம்பிப் போய்விட்டால்?

"பாக்கியநாதா, வண்டியைத் திருப்புடா. ஊட்டுக்குப் போலாம்."

பாக்கியநாதன் கையிலிருந்த சோற்றுருண்டை தூக்குப்போசிக்குள் விழுந்தது. "ஐயோ, இன்னும் மணி ரெண்டுகூட ஆகலீங்க!"

"போயி ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு வந்துடறேன். ஒரு உறுதிமொழி மட்டும்..."

"வேண்டாமுங்க!" பாக்கியநாதன் அலறினான். பிறகு குரலை இறக்கினான். "அங்க பாருங்க. அந்த ஓடைக்கு அந்தப் பக்கம். சொட்டராட்டத் தெரியலீங்களா?"

தெரிந்தது. பனிக்குள் பழுப்பாக ஏதோ நின்றது. அர்த்தநாரி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினார். ஓடையில் ஒரு செருப்பு போயிற்று. முள்ளில் வேட்டி கிழிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் சில்வர் ஓக் மரத்தின் வெட்டிய அடிக்கட்டை. அதன்மேல் பாசி.

அதற்குப் பிறகு பாக்கியநாதன் மஞ்சக்குட்டை ரோட்டில் ஒரு பழுப்பைக் கண்டான். அது எருமை. ஒரு எஸ்டேட் வேலி ஓரத்தில் இன்னொரு பழுப்பைக் கண்டான். அது காயப் போட்டிருந்த கம்பளி. கம்பளிக்குச் சொந்தக்காரியான கிழவி இவர்களைத் திருடர்கள் என்று நினைத்து வரப்பு முழுக்கத் துரத்தி வந்தாள். பாக்கியநாதனின் பார்வை அன்று மிகவும் கூர்மையாக இருந்தது. நாலே முக்கால் வரைக்கும் இருந்தது.

*

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அர்த்தநாரி வீட்டில் விருந்தாளிகள் ஐந்து மணி நேரம் தங்கியதே முதல் தடவை. அதிலும் சிரித்துக்கொண்டு!

மல்லிகாவின் தலையில் புதிதாக மல்லிகைச் சரம். அதை வைத்தது வேலம்மாள். நடுவில் வெற்றிலைத் தட்டு மாற்றிய அடையாளங்கள். மாரியப்பன் முகத்தில் ரத்தம் ஊறி, இரண்டாவது தட்டு கேசரி ஊறி, ஆளே மாறியிருந்தார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! நீங்க இல்லாமயே எல்லாத்தையும் பேசி முடிச்சுப்போட்டோமுங்க. தை பதினாறு. பொண்ணு ஊர்லயே, இங்கயே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டேன். பஸ்ஸுலதான் கொஞ்சம் சிரமம், பரவால்லீங்க."

"உங்க ஊட்டம்மா எவ்வளவு வெவரமுங்க!" என்றாள் வேலம்மாள். "ஒரு வார்த்தை அதிகமாப் பேசோணுமே!"

"காணாமப் போன ஆளு கெடைச்சாருங்களா மாமா?" என்று கேட்டான் செல்வராஜ்.

மாமா! அர்த்தநாரி ஈர வேட்டியும் ஒற்றைச் செருப்புமாக நின்றுகொண்டு அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பு வந்த இரண்டு இடத்திலும் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார், நடக்கவில்லை. இன்று பெற்ற பெண்ணைக்கூட விட்டுவிட்டு ஒரு உயிரைத் தேடிப் போனார், நடந்துவிட்டது. இவர்கள் அவருடைய தியாகத்தைப் பார்த்துத்தான் பெண் எடுக்கிறார்கள். பேச்சே தேவைப்படவில்லை. செய்கை பேசியிருக்கிறது!

தோளிலிருந்த ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தார்.

"சம்பந்தி, எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொல்றேன். ஆறு வருஷம் இந்த ஊருக்கு உழைச்சுப்போட்டேன். குடும்பத்துக்கு ஒரு கொறை வெச்சுட்டேனோன்னு இன்னைக்கு அந்தப் பனிக்குள்ள நின்னு நெனச்சேன். இன்னையோட தொண்டை விட்டுப்போட்டேன். இனி முழு நேரமும் ஊடுதான். கல்யாண வேலை பூராவும் நானே பார்க்கறேன். பந்தல் நானு, பந்தி நானு. வர்ற சனத்தை வாசல்ல நின்னு கூப்புடறது நானு. தாலி கட்டி முடிஞ்சதும் மேடையில மைக்கைப் புடிச்சு ஒரு ஒண்ணரை மணி நேரம்..."

சமையல் கட்டில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

"அப்பா!" என்றாள் மல்லிகா. அவள் கண்ணில் தண்ணீர்.

"அழுவாத கண்ணு. நானு இருக்கறேன்" என்றார் அர்த்தநாரி.

காமாட்சி மெதுவாக வெளியே வந்தாள். "ஏனுங்க, அவசரப்படாதீங்க. நீங்க விட்டுப்போட்டா இந்த ஊருக்கு வேற நாதி யாருங்க இருக்கறாங்க? கல்யாணத்தை நாங்க எப்புடியோ சமாளிச்சுக்குவோம். ஊருதானுங்க முக்கியம்."

மத்தியானம் போகவே கூடாது என்றவள்! ஆறு வருஷத்தில் அவருடைய தொண்டு அவளையே எப்படி மாற்றியிருக்கிறது! அர்த்தநாரி பாசத்தோடு அவளைப் பார்த்தார். "இல்ல காமாட்சி. இனிமே கூடாது."

காமாட்சி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புழக்கடைப் பக்கம் போனாள். அங்கே மாதம்மாளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு நிமிஷத்தில் மாதம்மாள் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்க்காமலே வேலிப் படலைத் திறந்துகொண்டு ஓடுவதை அர்த்தநாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். பாவம், அவளுக்கும் வீட்டில் அடுப்பு வேலை இருக்காதா என்று நினைத்துக்கொண்டார்.

சம்பந்தி வீட்டாரைச் சேலத்துக்கு இறக்கிவிட ஜீப் கிளம்பியது. மாரியப்பன் ஏறும்போதே ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் திருப்பத்தில் மறைந்ததும், அர்த்தநாரி சங்குக் கொட்டகையின் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு காப்பிக் களத்துக்கு நடந்தார். எதையும் முறைப்படி செய்து முடிக்கிறவர் அவர். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், 'பதினாலாவது தடவையும் ஆள் அகப்படவில்லை. கடவுள் காப்பாற்றட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

களத்தில் மாதையன் சங்கின் பல் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாதம்மாள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"எண்ணெய் எல்லாம் எதுக்கு மாதையா, வீணா? இந்தா சாவி. நான் தொண்டை விட்டுப்போட்டேன். நாளைக்குச் சங்கைக் கீழ எறக்கிச் சாக்குல கட்டி வெச்சுடு."

மாதையன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவரையும் சங்கையும் மாறி மாறிப் பார்த்தான். தூணுக்குப் பின்னாலிருந்து மாதம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதை அவன் கவனிக்கவில்லை.

"எறக்கிப்போட்டா எப்புடிங்க? தை பதினாறு, தாலி கட்டி முடிஞ்ச கையோட, பந்திக்கு மிந்தி மூணு தடவ ஊதோணும்னு அம்மிணி இப்பத்தானுங்க சொல்லி அனுப்பிச்சாங்க. அன்னைக்குக் காணாமப் போற ஆளு பழுப்பு சொட்டரு இல்லீங்களாம், பட்டு வேட்டியாமுங்க!"